கோல் போட்டால் ஃபாக்டரி வேலை

எங்கள் தோட்டத்து டிவிஷனுக்கு அந்த வருடம் திடீரென்று ஒரு நல்ல பந்து டீம் அமைந்ததற்கு ஒரே காரணம், திருப்பூரில் பனியன் ஆர்டர் குறைந்துபோனதுதான்.

சின்னக்கானல் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் வேலை செய்கிற தோட்டம், சொந்தக்காரர் கம்பெனிதான். அங்கே பிறந்து ஏதோ கொஞ்சம் படித்த பையன்கள் மீசை முளைத்ததும் மலையிறங்கித் திருப்பூர், கோயம்புத்தூர் என்று போய்விடுவது வழக்கம். பொங்கலுக்கும் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கும் புதுச் சட்டையோடு வருவோம், நாலு நாள் சுற்றுவோம், திரும்பிவிடுவோம். மற்ற நாளில் பந்து மைதானத்தில் மாடுதான் மேயும்.

வெளிநாட்டுக்காரன் பனியன் வாங்குவதைக் குறைத்துக்கொண்டான் என்ற செய்தி எங்கள் லயத்து வீடுகளுக்குப் பேப்பரில் வரவில்லை. மூணாறு பஸ்ஸில் ஒவ்வொரு ஆளாக வந்து இறங்கியது. முதலில் வந்தவன் பக்கத்து வீட்டு அத்தை மகன், எனக்கு மச்சான் முறை, டெய்லர். அந்த வாரமே செக்கிங் செக்‌ஷனில் இருந்தவன் வந்தான். பிறகு அயர்ன் மாஸ்டர். பிறகு கோயம்புத்தூர்ப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன். அங்கே ஒருத்தனுக்கு வேலை போனால் இங்கே ஒரு ஃபார்வர்டு கிடைத்தான். இன்னொருத்தனுக்குப் போனால் ஒரு பேக் கிடைத்தான். மச்சான் எனக்குப் போன் போட்டு, "எல்லா எடத்துக்கும் ஆள் வந்துட்டாண்டா, கோலுக்குத்தான் ஆள் இல்ல. உன் கம்பெனி எப்பிடிப் போகுது?" என்று கேட்டான். அவன் கேட்டதில் அக்கறை இருந்ததா ஆசை இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள், பி.காம். அப்பாவும் அம்மாவும் கையெழுத்து மட்டும் போடுவார்கள். அதனால் எனக்கு வேலை போகாது என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. படித்தவனை எப்படி அனுப்புவார்கள்? முதலில் மிஷின்காரர்களை அனுப்பினார்கள். மிஷின்காரர்கள் போனபின் யாருக்குச் சம்பளக் கணக்கு எழுதுவது? எங்களையும் அனுப்பினார்கள். "ஆர்டர் வந்ததும் போன் பண்றோம் தம்பி," என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

நான் வந்து இறங்கியபோது அம்மா கொழுந்து கிள்ளிவிட்டு அப்போதுதான் வீடு சேர்ந்திருந்தாள். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் பையைப் பார்த்தாள். பெரிய பை.

"லீவா?"

"லீவு மாதிரிதான்."

"எத்தனை நாளு?"

"அவங்க போன் பண்ற வரைக்கும்."

அம்மா உள்ளே போய்ப் பால் சேர்க்காத கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அப்பா மட்டும், "கோலுக்கு ஆள் வந்துட்டான்னு சொல்லு," என்றார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். நாங்கள் குடியிருக்கும் லயம், வரிசையாக ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் வீடுகள், கம்பெனியுடையது. வீட்டில் ஒருத்தராவது தோட்டத்து வேலையில் இருந்தால்தான் அங்கே குடியிருக்கலாம். அப்பா ஏற்கெனவே ரிட்டயர் ஆகிவிட்டார். அக்காவைப் போடியில் கட்டிக் கொடுத்தாயிற்று. அம்மா பேரில்தான் வீடு நின்றது; அம்மாவுக்கு வருகிற சித்திரையில் ரிட்டயர்மென்ட். அதற்குள் வேறொரு பேர் கம்பெனிப் பதிவில் ஏறவேண்டும், இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பவேண்டும். எங்கே கிளம்புவது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் சொல்லவேண்டி வரும்.

தேயிலைக் காட்டு வேலைக்குப் போவதென்றால் கஷ்டமே இல்லை. அதற்கு ஆள் கிடைக்காமல்தான் கம்பெனி ஜார்க்கண்டிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கூட்டிவந்து எங்கள் லயத்திலேயே குடிவைத்திருந்தது. இன்றைக்குப் பேர் கொடுத்தால் நாளைக்கு முதுகில் பூச்சிமருந்து டப்பாவை ஏற்றிவிடுவார்கள். எனக்கு அதில் வெட்கம் எதுவும் இல்லை. அம்மாவிடம் ஒருநாள் சொல்லியும் பார்த்தேன். அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"சாவியக் குடுத்துட்டுப் போடியில வாடகைக்குப் போனாலும் போவேன். நீ மருந்தடிக்கப் போறத என் கண்ணால பாக்க மாட்டேன். அதுக்கா உன்னைய மழையில பள்ளிக்கூடம் வரைக்கும் தூக்கிட்டுப் போனேன்?"

நானே கரண்டியை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டேன்.

வேலை தேடினேன். போனில் இருக்கிற எல்லா வேலை ஆப்பிலும் பேர் பதிந்தேன்; அவை தினமும் காலையில் எனக்கு வாழ்த்துச் சொல்லிக் கொண்டிருந்தன. சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டுக்குப் போனேன். ரிசப்ஷனில் இருந்த பையன் என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக எழுந்து, "ரூமா சார்?" என்றான். வேலைக்கு என்றதும் உட்கார்ந்துவிட்டான். "அண்ணா, நானே எப்பப் போவேன்னு தெரியல. கெஸ்ட் வரட்டும், கூப்பிடுறோம்." பள்ளிவாசலில் ஒரு ஹோம்ஸ்டே வைத்திருந்தவர் நல்ல மனிதர், எனக்குச் சாயா கொடுத்து, தன் கஷ்டத்தையெல்லாம் ஒரு மணி நேரம் சொல்லி, கடைசியில், "உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது இந்தக் கட்டடத்த வாங்குவாங்களா?" என்று கேட்டார். போடிமெட்டில் ஏலக்காய்க் கடை முதலாளியிடம் போனேன். பி.காம். என்று சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "கணக்க நானே பாத்துக்கிடுவேன் தம்பி. அத இன்னொருத்தன் பாத்தா எனக்குத் தூக்கம் வராது," என்றார்.

அப்போதுதான் எங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபாக்டரி ஆபீசில் ஒரு கிளார்க் வேலை காலியாகப் போகிறது என்ற பேச்சு வந்தது. நான் அன்றைக்கே அப்ளிகேஷன் எழுதி, சர்ட்டிஃபிகேட் நகலெல்லாம் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பக்கத்து வீட்டு அத்தை கேட்டாள்.

"அப்ளிகேசன் கெடக்கட்டும் மருமகனே. பந்து விளையாடுவியா?"

இது வெளியாட்களுக்குப் புரியாது. எங்கள் தோட்டத்தில் முன்பு நெடுங்காலம் இருந்த மேனேஜர் பந்துப் பைத்தியம். டிவிஷனுக்கு டிவிஷன் நடக்கும் போட்டியில் எங்கள் டிவிஷன் ஜெயித்தால் அவர் மைதானத்திலேயே குதிப்பார். நன்றாக விளையாடினவனை மறுவாரம் ஃபாக்டரிக்குள் எடுத்துக்கொள்வார். ஃபாக்டரிக்குள் போய் ஒவ்வொருத்தராகக் காட்டி இது இன்ன கோல் என்று சொல்லிவிடலாம். பாய்லர் பார்க்கிறவர் தலையால் முட்டிப் போட்ட கோல். கொழுந்து லாரி டிரைவர் பெனால்டி. டிரையர் பக்கம் நிற்கிற பெரியவர் அடித்தது தப்பிப்போய் எதிராளி காலில் பட்டு உள்ளே போன கோல்; ஆனாலும் வேலை வேலைதான். கோல் போட்டவனுக்கு ஃபாக்டரி, போடாதவனுக்குக் காடு. இது எங்கள் தோட்டத்துச் சட்டம்.

அந்த மேனேஜர் ரிட்டயராகிப் போய்விட்டார். புதிதாக வந்திருந்தவர் ஆலப்புழைப் பக்கத்துக்காரர். அவருக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால், பழைய சட்டமே நடப்பிலிருப்பதாக எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

என் சிக்கல் என்னவென்றால், எனக்குப் பந்து உதைக்கத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டதே அம்மாதான். நான் மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே பந்தை அவள் அரிவாளால் வெட்டி, "பந்தா சோறு போடும்? புஸ்தகத்த எடு," என்றவள். மற்றப் பையன்கள் மைதானத்தில் சேற்றில் புரள்கிற சத்தம் கேட்கும். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பேன். அந்த அம்மா, அத்தை பேசிவிட்டுப் போன மறுநாள் காலையில் என்னை உலுக்கி எழுப்பினாள்.

"எந்திரி. எல்லாப் பயலும் கிரவுண்டுக்குப் போயிட்டான்."

"எதுக்கும்மா?"

"எதுக்கா? பந்து உதைக்கத்தான். போ."

"நீதானே பந்து சோறு போடுமான்னு..."

"அப்ப போடல. இப்பப் போடுது. போடா."

அப்பா போர்வைக்குள்ளிருந்து, "கோலுக்கு முன்னாடி நிக்கிறது கஷ்டமே இல்ல. பந்து வர்ற பக்கம் போகணும், அவ்வளவுதான்," என்றார். அப்பா வாழ்க்கையில் பந்தைத் தொட்டதில்லை. ஆனால் ரிட்டயரான பிறகு எல்லா விஷயத்திலும் அவருக்கு ஒரு தெளிவு வந்திருந்தது.

மச்சான்தான் கேப்டன். என்னைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தான். பிறகு தோளில் கையைப் போட்டு ஓரமாகக் கூட்டிப்போனான். "நீ ஓட வேணாம் மாப்ள. ஓடினா நம்ம ஆளுகளே உன்மேல மோதுறானுக. கோல்ல நில்லு. கைய விரிச்சு நின்னாப் பாதி எடம் அடைஞ்சிரும்." இப்படித்தான் நான் கோல்கீப்பரானேன்.

எனக்கு முன்னால் பேக் விளையாடிய இரண்டு பேரும் ஜார்க்கண்ட் பையன்கள், அண்ணன் தம்பி. எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் இருந்தார்கள். பகலில் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டிவிட்டு, கைகால் கழுவினதும் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். காற்றைப்போல ஓடுவார்கள், ஆனால் மச்சான் தமிழில் கத்துவது அவர்களுக்குப் புரியாது. அவன், "லெஃப்ட்ல வாடா!" என்பான், அவர்கள் சிரித்துக்கொண்டே ரைட்டில் ஓடுவார்கள். திருப்பூரில் எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் பீகார், ஒடிசா ஆட்கள். சம்பளத்தில் பிடித்தம் ஏன் என்று அவர்களுக்கு விளக்கி விளக்கியே எனக்கு ஹிந்தி வந்துவிட்டிருந்தது. இலக்கணமெல்லாம் கிடையாது, சண்டை போடுகிற அளவுக்கு வரும். எனக்குப் பந்து பிடிக்க வராததால், பந்து என்னிடம் வராமல் பார்த்துக்கொள்வதே நல்லது என்று தோன்றியது. கோலுக்குள் நின்றபடி கத்த ஆரம்பித்தேன். "பீச்சே தேக், பீச்சே!" என்றால் அண்ணன் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்ப்பான். "ஜானே மத் தே!", போகவிடாதே, என்றால் தம்பி எதிராளியின் காலைக் கட்டிக்கொண்டு விழுவான். இரண்டு வாரத்தில் என் தொண்டை கட்டிவிட்டது; ஆனால் கோல் குறைந்துவிட்டது.

ஒருநாள் சாயங்காலம் நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தபோது மேனேஜர் ஜீப் வந்து மைதானத்தோரம் நின்றது. அவர் இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு எங்களையே பார்த்தார். மைதானமே தலைகீழாகிவிட்டது. அயர்ன் மாஸ்டர் நடு மைதானத்திலிருந்து கோலுக்கு அடித்தான். லேத்காரன் தேவையே இல்லாமல் ஒரு பல்டி அடித்தான். மச்சான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். நான் எப்போதும்போலக் கத்திக்கொண்டிருந்தேன், அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாக. மேனேஜர் வெகுநேரம் நின்றுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் லயம் முழுக்க அதே பேச்சு. வீட்டுக்கு வீடு ஒரே சுவர் என்பதால் யார் என்ன சொன்னாலும் அடுத்த வீட்டிலிருந்து பதில் வரும்.

"கையக் கட்டி நின்னாரே, பாத்தியா? பழைய மேனேஜரும் அப்பிடித்தான் நிப்பாரு," என்றாள் அத்தை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"அவரு என் மகனத்தான் பாத்தாரு மதினி," என்றாள் அம்மா இந்தப் பக்கத்திலிருந்து.

"உன் மகனப் பாக்காம இருக்க முடியுமா? காட்டெருமை மாதிரி கத்திட்டில்ல நின்னான்!"

அம்மா சிரித்துவிட்டாள். வெகுநாள் கழித்து அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மேல் டிவிஷனோடு மோதினோம். அம்மா பந்துப் போட்டி பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, கோலுக்கு நேர் பின்னால் வந்து நின்றுகொண்டாள். இது எனக்கு உதவியாக இல்லை. பந்து வரும்போதெல்லாம் பின்னாலிருந்து, "ராசா, பாத்து! மூஞ்சில பட்டுரும்!" என்று சத்தம் வரும். பந்தை மூஞ்சியால் தடுத்தாலும் பரவாயில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நேரம் அது. அப்பா எதிர் டீம் ஆட்கள் நடுவே போய் நின்று அவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

மச்சான் ஒரு கோல் போட்டான். அயர்ன் மாஸ்டர் ஒன்று. ஜெயித்துவிடுவோம் போலத்தான் இருந்தது. பிறகு மழை வந்தது. மழை என்றால் எங்கள் ஊர் மழை, மேகமே கீழே இறங்கி மைதானத்தில் உட்கார்ந்துவிடும். பந்து எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. யார் எந்த டீம் என்றும் தெரியவில்லை. சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு கைகளை விரித்து நின்றேன். மேகம் விலகினபோது வலைக்குள் பந்து கிடந்தது. அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. ரெஃப்ரிக்கும் தெரியவில்லை. அம்மாதான், "இப்பத்தான் சார் வந்துச்சு, நான் பாத்தேன்," என்று சாட்சி சொன்னாள். அவளுக்குப் பொய் வராது. அதற்குப் பிறகு வந்தவையெல்லாம் நான் பார்க்கப் பார்க்கவே உள்ளே போனவை. தோற்றோம்.

மேனேஜர் போட்டிக்கு வரவே இல்லை. ஆனால் எவனாவது போய்ச் சொல்லியிருப்பான் என்று எல்லாரும் நம்பினார்கள். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் துக்கம் விசாரிக்க வருவதுபோல வந்தார்கள். அத்தை சுண்டல் கொண்டுவந்து வைத்தாள்.

"விடு மருமகனே. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருசம் நாங்க இங்க இருப்போமா மதினி?" என்றாள் அம்மா.

அத்தை, சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்த மழை மட்டும் வரலேன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். சித்திரைக்கு அதிக நாள் இல்லை. அடுத்த வாரம் காட்டு வேலைக்குப் பேர் கொடுத்துவிடுவது, அம்மா திட்டினால் திட்டட்டும், வீடு நிற்கட்டும் என்று அன்றைக்கு மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

பேர் கொடுக்கப் போவதற்கு முன்னாலேயே ஆபீசிலிருந்து ஆள் வந்தது. மேனேஜர் கூப்பிடுகிறார். அம்மா என் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். அப்பா, "தோத்ததுக்கு மழைதான் காரணம்னு முதல்லயே சொல்லிரு," என்று சொல்லியனுப்பினார்.

மேனேஜர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரிய கிளார்க் நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் தமிழும் மலையாளமுமாகப் பேசுகிறவர்.

"நீதானே அந்தக் கோல்ல நிக்கிற ஆள்?"

"ஆமா சார். அன்னிக்கு மழை சார். பந்தே தெரியல."

"எந்த மழை?"

"போட்டி அன்னிக்கு சார். தோத்துட்டோம்."

"அப்படியா? கஷ்டமாயிப்போச்சே," என்றார், யாரோ தெரியாதவர் வீட்டுச் செய்தியைக் கேட்டதுபோல. "எனக்கு இந்தப் பந்துகளி ஒண்ணும் அறியாது. இத்தனை பேரும் ஒரு பந்துக்குப் பின்னால எதுக்கு ஓடுறாங்க?"

பெரிய கிளார்க் இருமினார். தோட்டத்துச் சட்டத்தில் நம்பிக்கை உள்ளவர்களில் அவரும் ஒருவர். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"வேலைக்காகத்தான் சார்."

"எந்த வேலைக்கு?"

"இந்த வேலைக்குத்தான் சார். நல்லா விளையாடினா ஃபாக்டரியில எடுப்பீங்கன்னு..."

மேனேஜர் கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் ஜன்னலைப் பார்த்தார். பிறகு மேனேஜர் சிரித்த சிரிப்பில் வெளியே நின்ற டிரைவர் எட்டிப்பார்த்தான்.

எனக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்தது. "அப்ப அன்னிக்கு ஏன் சார் கிரவுண்டுல வந்து நின்னு பாத்தீங்க?"

"காட்டுல ஆள் இல்லேன்னு நான் தலையில கை வெச்சு உக்காந்திருக்கேன். இங்க ஒரு கூட்டம் செக்கன்மார், சின்னப் பசங்க, வேலைக்குப் போகாம ஓடிட்டு நடக்கிறான். யாரு இவங்கெல்லாம்னு பாக்க வந்தேன். அப்பத்தான் நீ அந்த ஜார்க்கண்டுப் பசங்கள ஹிந்தியில தெறி சொல்றது கேட்டுச்சு."

மலையாளத்தில் தெறி என்றால் கெட்ட வார்த்தை. எனக்கு முகம் சூடாகிவிட்டது. "தெறி இல்ல சார். பின்னாடி பாருன்னுதான் சொன்னேன்."

"எதுவோ சொன்னே. அவங்க கேட்டாங்க இல்ல? இங்க நாங்க சொன்னா யாரு கேக்கிறா? போன மாசம் ஒரு காட்டுல களை எடுக்கச் சொல்லிக் கையக் காட்டி விட்டோம். அவங்க பக்கத்துக் காட்டுல போய்ச் செடியெல்லாம் மொட்டையா வெட்டிட்டு வந்து சிரிச்சிட்டு நிக்கிறாங்க. யாரத் திட்டுறது? திட்டினாலும் புரியாது."

கிளார்க் வேலையை மேல் டிவிஷனில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார். கம்ப்யூட்டரில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி என்பதையும் மறைக்காமல் சொன்னார். எனக்கு வேறு வேலை. ஃபீல்டு ஸ்டாஃப். காலையில் மஸ்டரில், அதாவது வேலைக்கு முன்னால் எல்லாரும் கூடுகிற இடத்தில், பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுத்து யார் எந்தக் காட்டுக்கு என்று சொல்லி அனுப்பவேண்டும். தமிழில் ஒரு தடவை, ஹிந்தியில் ஒரு தடவை. பிறகு கொழுந்து நிறுத்துப் பதியவேண்டும். இப்போதைக்குத் தற்காலிகம், ஒழுங்காகச் செய்தால் நிரந்தரம்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "சார், வீடு?"

"இப்ப இருக்கிற வீடு போதும்னா இருந்துக்கோ. அம்மா ரிட்டயராகி இறங்கும்போது உன் பேர்ல மாத்தச் சொல்றேன்."

ஆபீஸ் படியில் இறங்கும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை. ஆனால் வீட்டில் இன்னொரு இன்டர்வியூ பாக்கியிருந்தது. அதுதான் கடினமானது.

"காட்டு வேலையா, ஆபீஸ் வேலையா?" என்றாள் அம்மா.

"காட்டுலதான்மா. ஆனா ஸ்டாஃப்."

"உக்காந்து செய்றதா, நின்னு செய்றதா?"

"நின்னுதான்."

"மழை வந்தா?"

"குடை உண்டு. ஷூவும் கம்பெனி குடுக்கும்."

"மருந்து டப்பா?"

"தொடவே வேணாம்."

அம்மா யோசித்தாள். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார்; அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் அத்தையும் மச்சானும் மூச்சு விடாமல் நிற்பது எனக்குத் தெரிந்தது.

"காலையில மஸ்டர்ல பேர் கூப்பிடுறது யாரு?"

"நான்தான்."

"மத்தவங்க?"

"அவங்க ஆஜர் சொல்லுவாங்க."

"அப்ப ஆபீஸ் வேலைதான்," என்றாள் அம்மா. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கைதட்டல் கேட்டது. மச்சான் கத்தினான்: "மாப்ள, அந்த மேனேஜருக்கு டெய்லர் வேணுமான்னு கேளுடா!" டெய்லர் வேண்டியிருக்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் லேத்காரனை ஃபாக்டரி மெஷின் பிரிவுக்கு எடுத்தார்கள். பட்டறை வேலை தெரிந்தவன் என்பதற்காக. மச்சான் இன்றும் அது அந்தப் பல்டிக்காகத்தான் என்று சொல்கிறான். அவனோ மூணாறில் ஒரு கடைக்கு யூனிஃபார்ம் தைக்கப் போய்விட்டான். டீம் மெல்லக் கரைந்துவிட்டது. மாடுகள் திரும்பி வந்துவிட்டன.

முதல் நாள் கொழுந்து நிறுக்கிற ஷெட்டில் நான் தராசுக்குப் பக்கத்தில் நின்றேன். தோளில் கனத்த சாக்கோடு பெண்கள் வரிசையில் வந்தார்கள். என்னைத் தூக்கி வளர்த்தவர்கள் பாதிப்பேர். நேற்றுவரை டா போட்டுக் கூப்பிட்டவர்கள்.

"சார், வணக்கம் சார்," என்றாள் அத்தை, வரிசை முழுக்கச் சிரிக்கும்படி. "நான் உங்களுக்கு மாமியார் முறை சார். கொஞ்சம் பாத்துப் போடுங்க சார்."

"பாத்துத்தான் அத்தை போடுறேன். கையச் சாக்குலருந்து எடுங்க."

"ஐயோ, கண்டுபிடிச்சுட்டாருடி!"

பின்னால் ஜார்க்கண்ட் பெண்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று கேட்டார்கள். அவர்களுக்கும் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள்.

பிறகு அம்மா வந்தாள். சாக்கைத் தராசில் மாட்டினாள். அன்றைக்குக் காலையிலிருந்து தூறல். ஈரக் கொழுந்துக்கு எடையில் தண்ணீர்க் கழிவு உண்டு. முன்னால் வந்த எல்லாருக்கும் கழித்திருந்தேன். நான் என்ன செய்கிறேன் என்று எல்லாரும் பார்த்தார்கள். மற்றவர்களுக்குக் கழித்த அதே அளவைக் கழித்துப் பதிந்தேன்.

அம்மா நகரவில்லை.

"என்ன சார், இவ்வளவுதானா கழிவு? என் கொழுந்துல தண்ணி கூடச் சொட்டுது பாருங்க. இன்னும் கொஞ்சம் கழிங்க. நாளைக்கு இவளுக வாயில என்னால விழ முடியாது."

"எல்லாருக்கும் ஒரே கழிவுதாம்மா."

"அம்மா இல்ல சார், மஸ்டர் நம்பரச் சொல்லிக் கூப்பிடுங்க," என்று வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். ஷெட் அதிர்ந்தது. அம்மா காலிச் சாக்கை உதறி மடித்துக்கொண்டாள்.

"அப்ப வீடு உங்களுக்கேதானே மதினி?" என்றாள் அத்தை.

"பின்ன? சித்திரைக்கு மேல நான் வீட்டுல உக்காந்து சாருக்குச் சோறு பொங்கிப் போடுவேன். நீங்க மழையில நில்லுங்கடி," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, தராசை விட்டு விலகாமல் அங்கேயே ஓரமாக நின்றுகொண்டாள், நான் நிறுப்பதைப் பார்க்க.

வரிசை நின்றுவிட்டது. பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த ஆளை வரச் சொன்னேன், முதலில் தமிழில், பிறகு ஹிந்தியில்.